கிரே தெருவில் முதலில் எதைத் தொடுவது? தொண்டர்கள் முன் உள்ள ஐந்து வழிகள்

டர்பனில் நம் வீடுகளில் "டவுனுக்குப் போறோம்" என்றால் கிரே தெருப் பக்கம் போகிறோம் என்றுதான் பொருள். பெயர்ப்பலகையில் அது இப்போது டாக்டர் யூசுப் டாடூ தெரு. விக்டோரியா தெரு பெர்த்தா ம்கிசே தெருவாகவும், குவீன் தெரு டெனிஸ் ஹர்லி தெருவாகவும் மாறின. பிரின்ஸ் எட்வர்ட் தெரு, நிறவெறியை எதிர்த்த நம் டாக்டர் கூனத்தின் பெயரைத் தாங்கி நிற்கிறது. கல்யாணப் புடவை, தாலி, கற்பூரம், மசாலா என்று வந்தால் கால் இன்னும் அங்கேதான் போகிறது. ஆனால் போகிற கால்கள் குறைந்துவிட்டன. நிறவெறி அரசின் 1950ஆம் ஆண்டு இனவாரிக் குடியிருப்புச் சட்டம் குடும்பங்களை நகருக்கு வெளியே சாட்ஸ்வொர்த்துக்கும் பிறகு பீனிக்ஸுக்கும் தள்ளியது. அங்கெல்லாம் மால்கள் எழுந்தன. கடைகள் சூறையாடப்பட்ட 2021 ஜூலைக் கலவரம் மிஞ்சியிருந்த வியாபாரிகளின் துணிச்சலையும் அசைத்துவிட்டது.

கோயில் மண்டபத்தில் நாற்பது பேர் கூடி "டவுனுக்கு ஏதாவது செய்யணும்" என்று முடிவெடுத்தால், அடுத்த பேச்சு அநேகமாகப் பெயிண்ட் பற்றியதாக இருக்கும். யாராவது தீபாவளிச் சந்தை என்பார். வியாபாரம் தெரிந்த ஒருவர், கட்டட உரிமையாளர்களிடம் கூடுதல் வரி வசூலித்துக் காவலாள் போடலாம் என்பார். தெருவைக் கூட்டுவது, காலிக் கடைகளை நிரப்புவது ஆகியவற்றையும் சேர்த்தால் ஐந்து வழிகள். அமெரிக்காவில் 1980இல் தொடங்கிய மெயின் ஸ்ட்ரீட் இயக்கம் அமைப்பு, விளம்பரம், வடிவமைப்பு, பொருளாதாரம் என நான்கையும் ஒருசேர நடத்தச் சொல்கிறது. ஆனால் அங்கே பெரும்பாலும் சம்பளம் வாங்கும் நிர்வாகி ஒருவர் இருப்பார். வேலைக்குப் போய்வந்து மிஞ்சும் நேரத்தைக் கொடுக்கும் நாற்பது பேரால் ஐந்தையும் இழுக்க முடியாது.

எதைத் தேர்வது என்பதற்குப் பணத்தையோ ஆள் கணக்கையோ விடச் சரியான அளவுகோல் ஒன்று உண்டு. தொண்டர் கூட்டம் ஒருநாள் கரையும். முதல் மாதம் நாற்பது பேர் வந்தால் மூன்றாம் மாதம் பன்னிரண்டு பேர் வருவார்கள் என்று கணக்கிட்டுத்தான் இறங்கவேண்டும். அப்படிக் கை ஓய்ந்த பிறகு தெருவில் என்ன மிஞ்சும்? ஒவ்வொரு வழியையும் இந்தக் கேள்வியால் உரசிப் பார்ப்போம்.

அதற்கு முன் ஒரு வேலை. கிரே தெரு முழுவதையும் எடுக்காதீர்கள். இரண்டு குறுக்குத் தெருக்களுக்கு நடுவே உள்ள ஒரே ஒரு கட்டத்தை, இரண்டு பக்கமும், உள்ளே ஆர்கேட் (கூரையிட்ட கடைச்சந்து) இருந்தால் அதையும் சேர்த்து எடுங்கள். முதல் வாரம் எண்ணுவது மட்டும்தான் வேலை: தரைத்தளத்தில் எத்தனை கடை, அதில் எத்தனை காலி, மாலை ஐந்து மணிக்கு எத்தனை ஷட்டர் திறந்திருக்கிறது. ஒரே இடத்தில் நின்று, செவ்வாயும் சனியும், காலை 10, மதியம் 1, மாலை 4.30 மணிக்குப் பதினைந்து நிமிடம் நடந்துபோகிறவர்களை எண்ணுங்கள். நான்கால் பெருக்கினால் மணிக்கணக்கு கிடைக்கும். இந்தத் தாள் இல்லாமல் தொடங்கினால், ஆறு மாதம் கழித்துச் செய்தது பலித்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. நடைபாதை வியாபாரிகளையும் எண்ணுங்கள். கடைவீதியின் குறைகளில் ஒன்றாக அல்ல, கடைக்காரர்களோடு கடைக்காரர்களாக.

பெயிண்ட்

கண்ணுக்கு உடனே தெரியும், படம் எடுக்கலாம், பிள்ளைகளும் சேரலாம். அதனால்தான் இதன்மேல் அவ்வளவு ஆசை. ஐந்தில் அதிகம் தவறாகப் போவதும் இதுதான்.

முதல் தடை சட்டம். 1999ஆம் ஆண்டின் தேசிய மரபுவளச் சட்டப்படி, 60 ஆண்டுக்கு மேற்பட்ட கட்டடத்தில் அனுமதி இல்லாமல் மாற்றம் செய்யக்கூடாது. "மாற்றம்" என்பதற்கு அந்தச் சட்டம் தரும் விளக்கத்தில் பெயிண்ட் அடிப்பதும் பூச்சு பூசுவதும் அடக்கம். கிரே தெரு மசூதிக்கும் எம்மானுவேல் பேராலயத்துக்கும் இடையே உள்ள மதரசா ஆர்கேட் 1927இல் கட்டியது. சுற்றுப்புறக் கட்டடங்கள் பலவும் அந்தக் காலத்தவை. எனவே உரிமையாளரின் எழுத்துச் சம்மதத்தோடு மாகாண மரபு நிறுவனமான அமாஃபாவிடமும் முன்கூட்டியே எழுதிக் கேட்கவேண்டும். சுவர் சிறியது, யாரும் கவனிக்கமாட்டார்கள் என்று தொடங்கிவிட்டுப் பாதியில் நிறுத்தும் நிலை வந்தால், அரைகுறை வண்ணத்தோடு அந்தச் சுவர் பல ஆண்டு நிற்கும்.

இரண்டாவது, ஈரம். பழைய சுண்ணாம்புப் பூச்சு மூச்சுவிடும் பூச்சு. அதன்மேல் பிளாஸ்டிக் தன்மையுள்ள அக்ரிலிக் பெயிண்டை ஏற்றினால் உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழியின்றிக் கொப்பளமாகி உரியும். கடற்காற்று கொண்டுவரும் உப்பு அதை விரைவுபடுத்தும். சுவரில் 45 செ.மீ சதுரப் பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் ஒட்டி ஒருநாள் விட்டுப் பாருங்கள். உட்பக்கம் நீர்த்துளி கோத்திருந்தால் பெயிண்ட் வேண்டாம். மேலே அடைத்த கூரையோர மழைநீர்த் தொட்டியையும் (கட்டர்) உடைந்த மழைநீர்க் குழாயையும் சரிசெய்வதே வேலை. டர்பனில் வெளிச்சுவருக்கு ஏற்ற காலம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. அக்டோபருக்குப் பிறகு மழையும் புழுக்கமும் உலரவிடாது.

மூன்றாவது, பாதுகாப்பு. பழைய வண்ண அடுக்குகளில் ஈயம் இருக்கலாம், உலர்வாகத் தேய்த்தால் தூசி நெஞ்சுக்குள் போகும்; நனைத்துத் தேய்க்கவேண்டும், பிள்ளைகள் பக்கத்தில் இருக்கக்கூடாது. நடைபாதை மேலுள்ள பழைய தகட்டுக் கூரைகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். அதைச் சுரண்டவோ வேகநீரால் கழுவவோ கூடாது. தரையில் நின்றபடி நீளக் கழி உருளையால் எட்டும் வரைதான் தொண்டர் வேலை. சாரம் கட்டுவது பயிற்சியும் காப்பீடும் உள்ளவர்களுடையது.

இவ்வளவும் சொன்ன பிறகு, பெயிண்டில் தொண்டர்களுக்குப் பொருந்தும் ஒரு பகுதி உண்டு: சுருள் ஷட்டர். மாலையில் தெருவை இருட்டாகக் காட்டுவது மூடிய ஷட்டர்களின் துருவும் கிறுக்கலும்தான். 3 மீட்டர் அகலம், 2.5 மீட்டர் உயரம் உள்ள ஷட்டர் 7.5 சதுரமீட்டர், பத்து ஷட்டருக்கு 75, மடிப்புகளுக்காக நாலில் ஒரு பங்கு கூட்டினால் ஏறத்தாழ 95 சதுரமீட்டர். லிட்டருக்கு 8 சதுரமீட்டர் என்று வைத்தால் பிரைமர் 12 லிட்டர், மேல்வண்ணம் இரண்டு கைக்கு 24 லிட்டர். கால்வனைஸ் இரும்புக்கென்றே விற்கும் கிளீனரால் தேய்த்து, தண்ணீர் ஊற்றினால் முத்துமுத்தாக நிற்காமல் படலமாக வழியும் வரை கழுவவேண்டும். முத்தாக நின்றால் எண்ணெய் இன்னும் போகவில்லை. அதன்மேல் அடித்த வண்ணம் ஓரிரு ஆண்டில் ஏடுஏடாக உரியும். அன்றைக்கே கால்வனைஸ் பிரைமர். மேலே எண்ணெய் எனாமல் வேண்டாம், காய ஒருநாள் பிடிக்கும். நீரில் கரையும் அக்ரிலிக் எனாமல் போதும். சனிக்கிழமை கடை அடைத்ததும் கழுவிப் பிரைமர், ஞாயிறு காலை ஒரு கை, மாலை ஒரு கை, திங்கள் காலை திறப்பு. தடிமனாக அடித்துவிட்டால் சுருட்டும்போது பலகைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பிய்யும். மெல்லிய பூச்சுதான் நிலைக்கும்.

கை ஓய்ந்த பிறகு? சுவர் வண்ணம் உரிந்து, கைவிட்ட முயற்சியின் அடையாளமாக நிற்கும். ஷட்டர் வண்ணம் நன்றாகச் செய்திருந்தால் தானே நிற்கும்.

கூட்டுமாறும் குறிப்பேடும்

மண்டேலா நாளான ஜூலை 18 அன்று 67 நிமிடம் தொண்டு செய்வது நம் நாட்டில் ஊறிய பழக்கம். நல்ல பழக்கம். ஆனால் ஆண்டுக்கு ஒரு நாள் கூட்டிய தெரு மறுநாளே பழையபடி ஆகிவிடும். தெருவுக்கு வேண்டியது ஒழுங்கு: வாரந்தோறும் ஒரே நாள், ஒரே நேரம், காலை 6.30 முதல் 8 வரை, ஷட்டர் ஏறுமுன். ஒரு கட்டத்துக்குப் பன்னிரண்டு பேர் போதும், மூன்று அணி. முரட்டுத் தெருவிளக்குமாறு 6, தட்டை மண்வெட்டி 3, தள்ளுவண்டி 2, நீண்ட இடுக்கி 4, தடித்த கையுறை, 85 லிட்டர் பை முப்பது நாற்பது. ஊசி கிடந்தால் கையால் தொடாமல் இடுக்கியால் எடுத்து, துளைபடாத மூடிப் புட்டியில் போடவேண்டும். இந்த வேலை ஒருவரிடம் மட்டும் இருக்கட்டும்.

இங்கே நடக்கும் தவறுகள் மூன்று. கட்டிய பைகளை எடுத்துப்போக மாநகராட்சியின் குப்பைப் பிரிவோடு முன்பே நாள் பேசாமல் விட்டால், இரவுக்குள் பை கிழிந்து கூட்டுமுன் இருந்ததைவிட மோசமாகும். அட்டைப்பெட்டிகளையும் சேர்த்து அள்ளிவிட்டால், அதை விற்றுப் பிழைக்கும் சேகரிப்பவர்களின் அன்றைய வருமானத்தை எடுத்துவிட்டீர்கள். அட்டையைத் தனியே அடுக்கி அவர்களுக்கே விடுங்கள். சாப்பாட்டுக் கடை வாசலின் எண்ணெய்க் கறையைக் கழுவி மழைநீர் வாய்க்காலில் தள்ளிவிட்டால் அது சுத்திகரிப்பு எதுவும் இல்லாமல் துறைமுகத்துக்கும் கடலுக்கும் போகும். மணலோ மரத்தூளோ தூவி எண்ணெயை உறிஞ்சவைத்து அள்ளிப் பையில் போடுவதே சரி.

கூட்டுவதைவிடப் பெரிய பலன் தருவது அணியில் ஒருவர் கையில் இருக்கும் குறிப்பேடு. எரியாத விளக்கு என்றால் கம்பத்தின் எண். மூடி திருடுபோன சாக்கடைக் குழி, அடைத்த வாய்க்கால் என்றால் எந்தக் கடை வாசல் என்பது. எல்லாவற்றையும் எழுதி, டர்பனின் எத்தெக்வினி மாநகராட்சியில் புகார் பதிந்து, கொடுக்கும் குறிப்பெண்ணையும் தேதியையும் பக்கத்தில் குறிக்கவேண்டும். பதினான்கு நாள் கழித்து அதே எண்ணைச் சொல்லி மறுபடி கேட்கவேண்டும். "எங்க தெரு ரொம்ப மோசம்" என்ற கடிதத்துக்குப் பதில் வராது. குறிப்பெண்களோடு கூடிய பட்டியலை வார்டு உறுப்பினர் ஒதுக்கித் தள்ள முடியாது.

நடைபாதை வியாபாரிகளுடன் பழக்கம் வருவதும் இந்த வாராந்தர வேலையில்தான். அவர்களில் பலரும் சூலு பேசும் பெண்கள். "சானிபோனானி" என்று வணங்கி, இந்த இடத்தைக் கூட்டலாமா என்று கேட்டுத் தொடங்கும் ஒருவராவது ஒவ்வொரு அணியிலும் வேண்டும். பக்கத்து வார்விக் சந்திப்பில் 1990களின் பிற்பகுதியில் வியாபாரிகளே தொண்டர்களாகச் சேர்ந்து "குற்றத்துக்கு எதிரான வியாபாரிகள்" என்ற காவல் அமைப்பை நடத்தினார்கள். நாள் முழுதும் அதே இடத்தில் உட்கார்ந்திருக்கும் கண்களுக்கு ஈடாகும் கேமரா இல்லை. அதே வார்விக்கில் மூலிகை வியாபாரிகளை விரட்டாமல், பயன்படாமல் கிடந்த மேம்பாலத் துண்டின்மேல் அவர்களுக்குச் சந்தை அமைத்தார்கள். 2009இல் அதிகாலைச் சந்தையை எடுத்துவிட்டு மால் கட்டும் திட்டம் வந்தபோது, வியாபாரிகளை விலக்கிய அந்தத் திட்டம் எதிர்ப்பில் சிக்கிக் கைவிடப்பட்டது. ஒப்பந்தக் கூலிகளாக வந்த நம் முன்னோர்கள் காய்கறி விற்றதன் தொடர்ச்சி அந்தச் சந்தை. நடைபாதையில் கூடை வைத்து விற்றவர்களின் பேரப்பிள்ளைகள், இன்று கூடை வைத்து விற்பவரை அழுக்கு என்று பேசுவது தகாது.

கை ஓய்ந்தால் குப்பை ஒரு வாரத்தில் திரும்பும். ஆனால் கெடுதல் எதுவும் மிஞ்சாது. பழக்கமும் குறிப்பேடும் மிஞ்சும்.

காலிக் கடைகள்

எங்கள் கருத்தில் தொண்டர் உழைப்பு முழுப் பலன் தரும் இடம் இதுதான். ஒரு காலிக் கடை தன் இரண்டு பக்கத்துக் கடைகளையும் இருட்டாக்கும். நிரம்பிய கடை, தொண்டர்கள் போன பிறகும் தன் வாசலைத் தானே கூட்டும், தன் விளக்கைத் தானே போடும்.

நியூகாசிலில் (நம் மாகாணத்து நியூகாசில் அல்ல, ஆஸ்திரேலியாவினுடையது) 2008இல் தொடங்கிய ஒரு முயற்சி இதற்கு நல்ல வழி காட்டியது. கடை குத்தகைக்கு அல்ல, முப்பது முப்பது நாளாக நீளும் உரிமத்தில் கைமாறும். முழு வாடகைக்கு ஆள் கிடைத்தால் உரிமையாளர் முப்பது நாள் அறிவிப்பில் திரும்பப் பெறலாம். உரிமையாளர்கள் மறுப்பதற்கு முதன்மையான காரணம் "உள்ளே விட்டால் வெளியே வரமாட்டார்கள்" என்ற அச்சம். அதைப் போக்கும் வாசகம் இது. ஒப்பந்தம் எழுதும்போது "குத்தகை" என்ற சொல்லே வராமல், ஒரு வழக்கறிஞரிடம் காட்டி எழுதிக்கொள்ளுங்கள்.

உரிமையாளரைக் கண்டுபிடிப்பதே முதல் மலை. பல கட்டடங்கள் குடும்ப அறக்கட்டளைகளிலும், வாரிசுகள் நாலைந்து நாடுகளில் சிதறிய சொத்துகளிலும் கிடக்கின்றன. மாநகராட்சியின் சொத்து மதிப்பீட்டுப் பட்டியலில் பெயர் இருக்கும். மனை எண்ணைக் கொண்டு பீட்டர்மாரிட்ஸ்பர்க் பத்திரப்பதிவு அலுவலகத்தின் ஆவணத்தையும் தேடலாம். மேல்மாடி வாடகை வசூலிக்கும் முகவரைப் பிடிப்பது பெரும்பாலும் இன்னும் விரைவு. பத்துப் பேரைக் கேட்டால் இரண்டு பேர் இசைவார்கள் என்று எதிர்பார்த்து இறங்குங்கள். அந்த இரண்டு போதும்.

சாவி வாங்குமுன் பார்க்கவேண்டியவை மின்சாரமும் காப்பீடும். பழைய வயரிங்குக்குத் தகுதியான எலக்ட்ரீஷியனின் இணக்கச் சான்றிதழ் வேண்டும்; அதற்கான செலவை உரிமையாளர் ஏற்கவேண்டும் என்று முதல் பேச்சிலேயே சொல்லிவிடுங்கள். சான்றிதழ் இல்லாமல் தீப்பிடித்தால் காப்பீட்டு நிறுவனம் கைவிரிக்கக்கூடும். காலியாக இருந்த கட்டடத்தில் ஆள் புகுவதைக் காப்பீட்டாளருக்கு உரிமையாளர் எழுத்தில் தெரிவிக்கவேண்டும். கலவரச் சேதம் சாதாரண பாலிசியில் வராது, அரசு நிறுவனமான சாஸ்ரியாவின் காப்பு தனியாக இருக்கிறதா என்று பாருங்கள். 2021இல் பலர் இதை மிகுந்த விலை கொடுத்துத்தான் கற்றார்கள்.

உள்ளே யாரை வைப்பது? முதல் சுற்றில் சாப்பாட்டுக் கடை வேண்டாம். 2018ஆம் ஆண்டின் ஆர் 638 விதிப்படி உணவு கையாளும் இடத்துக்கு ஏற்புச் சான்றிதழ் தேவை. கைகழுவும் தொட்டி, சுடுநீர், கழிவுநீர் வசதி எல்லாம் பழைய புடவைக் கடையில் இருக்காது. ரவிக்கை தைப்பவர், நகை பழுதுபார்ப்பவர், பூமாலை கட்டுபவர், செல்பேசி சரிசெய்பவர், மாலையில் பரதநாட்டியமோ தமிழோ சொல்லித்தரும் ஆசிரியர் போன்ற உலர்ந்த தொழில்கள் முதலில். சாட்ஸ்வொர்த் வீட்டின் பின்னறையில் தைக்கும் அக்காவுக்கு டவுனில் வாசல் கிடைப்பது பெரிய காரியம். அருகே ஏற்கெனவே தையல்கடை இருந்தால் மட்டும் அதே தொழிலை வைக்காதீர்கள். இலவச இடத்தில் உட்கார்ந்தவர், வாடகை கட்டுபவரின் வாடிக்கையை எடுத்தால் தெருவே உங்களுக்கு எதிராகும்.

தொண்டர் வேலை இரண்டு வார இறுதி: குப்பை அகற்றல், ஓட்டை அடைத்தல், உட்சுவர் வெள்ளை. 60 சதுரமீட்டர் சுவருக்கு இரண்டு கை அடிக்க 15 லிட்டர், அதாவது ஒரு 20 லிட்டர் வாளி. உள்ளே விட உரிமையாளர் ஒப்பவே இல்லை என்றால் கண்ணாடி முகப்பை மட்டும் கேளுங்கள்: ஒன்றரை அடி ஆழத்தில் பின்திரை, அதன்முன் பக்கத்துக் கடைகளின் புடவையோ பித்தளை விளக்கோ, இரவு ஒன்பது வரை எரியும் டைமர் வைத்த எல்.இ.டி. விளக்கு. இரண்டு பேருக்கு ஒருநாள் வேலை.

சந்தையும் வரியும்

சந்தை நாள் பற்றி அதிகம் சொல்ல ஏதுமில்லை. தெரு மூட அனுமதி, ஜெனரேட்டர், கழிப்பறை, காவல் என்று மூன்று மாத உழைப்பு ஒரே நாளில் கரையும், மறுநாள் எதுவும் மிஞ்சாது. தீபாவளிக்கு முந்திய வாரம் கடைகளில் கூட்டம் ஏற்கெனவே இருக்கும். கூட்டம் சேர்க்கத்தான் வேண்டும் என்றால் புரட்டாசிச் சனிக்கிழமைகளை எடுங்கள். மாதம் முழுதும் மரக்கறி உண்ணும் குடும்பங்கள் நம்மிடம் ஏராளம். வெளியிலிருந்து ஸ்டால் கொண்டுவராமல், சான்றிதழ் உள்ள தெருவின் சாப்பாட்டுக் கடைகளே மதியச் சாப்பாடு போட, தொண்டர்கள் இருக்கையும் வழிகாட்டலும் பார்த்துக்கொண்டால் பணம் தெருவிலேயே தங்கும்.

கூடுதல் வரி வேறு வகை. 2004ஆம் ஆண்டின் மாநகராட்சிச் சொத்துவரிச் சட்டம், பிரிவு 22, குறிப்பிட்ட பகுதிக்குச் சிறப்பு வரி விதிக்க இடம் தருகிறது. அந்த வரியைக் கட்டவேண்டியவர்களில் பெரும்பான்மையோரின் இசைவு வேண்டும், கணக்கு தனியாக இருக்கவேண்டும். வழக்கமாக ஓர் இலாபநோக்கற்ற நிறுவனம் அதை நடத்தும். அதற்குக் குறைந்தது மூன்று இயக்குநர்கள். டொரன்டோவின் புளூர் வெஸ்ட் வில்லேஜில் 1970இல் பிறந்த முறை இது. கேப் டவுன் நகரமையத்தில் 2000 முதல் நடக்கிறது. டர்பனில் புளோரிடா ரோட்டிலும் உண்டு. சம்பளம் வாங்கும் ஆள் தினமும் வருவதால் தொண்டர் ஓய்வைப் பற்றிய கவலையே இல்லை. அதனால்தான் இது வலுவான வழி, அதனால்தான் கடைசி வழியும்கூட.

இசைவு தருபவர் கட்டட உரிமையாளர். வரியை வாடகையில் ஏற்றிக் கடைசியில் சுமப்பவர் மசாலாக் கடைக்காரர், அவருக்கு வாக்கு இல்லை. நடைபாதை வியாபாரிக்குக் கடையும் இல்லை, வாக்கும் இல்லை. ஆனால் வரிப்பணத்தில் வந்த காவலாள் முதலில் கைவைப்பது அவரிடம். பிரிவு 22ஐக் கொண்டு ஏற்கெனவே உள்ள ஏற்றத்தாழ்வுகளை வலுப்படுத்தக்கூடாது என்று அந்தச் சட்டமே சொல்கிறது. எனவே இந்தப் பேச்சு எழுந்தால், வாடகைதாரருக்கும் நடைபாதை வியாபாரிக்கும் குழுவில் இருக்கை என்பது விதிமுறையில் எழுதப்பட்ட பிறகே கையெழுத்து வேட்டை தொடங்கட்டும். காலிக் கடைகள் பாதியாகக் குறைந்த பிறகு கேட்டால் உரிமையாளர் காது கொடுப்பார். இன்று கேட்டால் கதவை மூடுவார்.

ஆகவே நாற்பது பேரில் பன்னிரண்டு பேர் வாரக் கூட்டுதலுக்கு. அதில் இரண்டு பேருக்குக் குறிப்பேடு மட்டும். ஆறு பேர் காலிக் கடை உரிமையாளர்களைத் தேடட்டும். கணக்கரும் வழக்கறிஞரும் இந்த ஆறில் இருப்பது நல்லது. மற்றவர்கள் கூப்பிட்டால் வரும் கைகள்: கடை வெள்ளையடிக்க, ஜூன் வந்தால் ஷட்டர் பூச. பணம் கையாளத் தொடங்கியதும் விதிமுறை எழுதிச் சமூக மேம்பாட்டுத் துறையில் இலாபநோக்கற்ற அமைப்பாகப் பதிந்துகொள்ளுங்கள், அதற்குக் கட்டணம் இல்லை. பதிந்த பிறகு நிதியாண்டு முடிந்த ஒன்பது மாதத்துக்குள் ஆண்டறிக்கையும் கணக்கும் அனுப்பத் தவறினால் பதிவு ரத்தாகக்கூடும். நல்ல குழுக்கள் பல தடுக்கி விழுவது இங்கேதான்.

ஆறாம் மாதம் முதல் வாரத் தாளை எடுத்து, அதே இடத்தில் அதே நேரத்தில் மறுபடி எண்ணுங்கள். ஒரு கடையாவது நிரம்பி, ஐந்து மணிக்குத் திறந்திருக்கும் ஷட்டர் கூடியிருந்தால் பக்கத்துத் தெருக்கட்டத்துக்குப் போகலாம். எண்கள் அசையவில்லை என்றால் அதே கட்டத்தில் இன்னும் மூன்று மாதம், இந்தமுறை உரிமையாளர் தேடலுக்கு ஆறுக்குப் பதில் பன்னிரண்டு பேர்.